பவுடரால் இல்லை என்று சொன்னேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

இல்லை, பவுடரால் இல்லை. இன்றும் இதைத்தான் சொன்னேன். காலையில் அம்மாவிடம். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில், யாரும் கேட்காமலே.

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ஈரத் துப்பட்டாவோடு பள்ளிக்கு. எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தோட்டங்களில் ஏலக்காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது.

குளியலறை வடிகாலில் மறுபடி முடி. ராபினுடையது. ஈர்க்குச்சியால் சுற்றி எடுத்தேன். ஒரு சிறு பிராணி மாதிரி வந்தது.

தம்பிக்கு இருபத்து மூன்று வயது. நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறிவிட்டது. உச்சியில் தோல் தெரிகிறது. டூரிஸ்ட் ஜீப் ஓட்டும்போது தொப்பி, சாப்பிடும்போதும் தொப்பி. நேற்று கோயிலில் மட்டும் கழற்றினான். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

நேற்று என் கல்யாணத்துக்கு முதல் ஓலை. சாமியார் என் பெயரையும் சி. பெயரையும் சேர்த்து வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். என் பெயரைப் பிறர் வாயில், அதுவும் மைக்கில் கேட்பது. மெர்லின் என்று ஒருத்தி இருக்கிறாள் போலிருக்கிறது என்று தோன்றியது.

சி. என்றால் சிரில். கம்பம்மெட்டில் அவன் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. கடை மாடியில் ஜிம், அது அவனுடையது. ராபின் ஒரு வருடமாக அங்கே போகிறான். உடம்பு ஏற்றுகிற பவுடர் டப்பாவும் அங்கிருந்துதான். இப்படி அறிமுகம் செய்து எழுதினால் வேறு யாரோ கட்டிக்கொள்ளப்போகிற ஆள் மாதிரி இருக்கிறான்.

அம்மாவின் கட்சி வேறு. தோட்டத்து மருந்தடிப்பு. "பூச்சி மருந்து பட்ட கையோட தலையச் சொறிஞ்சா வேற என்ன ஆகும்? முடி எரிஞ்சுதேன் போகும்." மே மாதத்திலிருந்து ராபினை அப்பாவோடு மருந்தடிக்க விடுவதில்லை. அப்பா தனியாக மருந்துக் குழாயை இழுக்கிறார்.

 அப்பா ராபின் தலையைப் பார்ப்பதே இல்லை. தன் கையைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை குறைவு. பனிமூட்டம். பள்ளியில் இரண்டு பீரியட் ஃப்ரீ. ஃபோனில் மறுபடி எல்லாவற்றையும் வாசித்தேன். குறிப்புகள்:

வே புரோட்டீன். பாலில் இருந்து. முடி கொட்டுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை.

கிரியேட்டின். பழைய, சிறிய ஆய்வு ஒன்று. ஒரு ஹார்மோன் கூடியதாக. முடியை அவர்கள் பார்க்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் உறுதி செய்யவும் இல்லை. ஆனாலும் இணையம் முழுக்க அந்த ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சில வைட்டமின், தாது, அளவு மீறினால் கொட்டும்.

பட்டினி கிடந்து திடீரென இளைத்தால் கொட்டும். பெரும்பாலும் திரும்பி வரும்.

ஹார்மோன் கலந்தவை: வேறு கதை. ராபின் டப்பாவில் அப்படி எதுவும் எழுதியில்லை.

பரம்பரை. அம்மாவின் தம்பி சேவியர் மாமா: சுத்தமாக இல்லை. அப்பா: இந்த வயதிலும் சீப்பு உடையும்.

ஆக, சேவியர் மாமா. இதைத்தான் ஜூனில் சி.யிடமும் சொன்னேன். ஜிம்மில் யாரோ பவுடரால் முடி கொட்டுவதாகக் கிளப்பிவிட்டார்களாம். "நீ படிச்சவ, லேபிளப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லு டீச்சர்" என்று வீடியோ எடுக்க ஃபோனை நீட்டினான். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். புரதம் இவ்வளவு, கிரியேட்டின் இவ்வளவு, முடி கொட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, என் தம்பியும் இதைத்தான் குடிக்கிறான். ஒரே டேக். ஜிம்மின் வாட்ஸாப் குழுவில் இன்னும் மேலேயே இருக்கிறது. நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். கேமராவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் கோழிக்குத் தவிடு. கரண்ட் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இட்லி, தேங்காய்ச் சட்னி. பிறகு சண்டை.

"சாப்பிடுறப்பயாச்சும் அந்தத் தொப்பியக் கழட்டேன்டா."

"ஒனக்கு என்னாம்மா இப்ப?"

"இல்ல, காத்துப் படட்டும்னுதேன்..."

"காத்துப் பட்டா மொளைச்சிருமாக்கும்?"

தட்டைத் தள்ளினான். சட்னி சுவரில். ராபின் இப்படி இல்லை. பூனைக்குட்டி செத்ததற்குப் பத்தாம் வகுப்பில் அழுதவன். அம்மா சட்னியைத் துடைத்தாள். அவன் போய்ச் சட்டை மாற்றினான். கதவு திறந்தே இருந்தது. முதுகு முழுக்கப் பரு. தோள் வரை, சிவந்து, சில இடத்தில் உடைந்து.

உள்ளே போனேன். சட்டையை இழுத்துக்கொண்டான். நெஞ்சில் என் முழங்கை லேசாகப் பட்டது. துள்ளிவிட்டான்.

"என்னடா?"

"இங்க தொட்டா வலிக்குதுக்கா. கொழப்பமில்ல, ஒண்ணும் ஆகாது. ஒடம்பு ஏறுறப்ப அப்படித்தான் இருக்கும்னு சிரில் மச்சான் சொன்னாரு."

"எத்தனை நாளா?"

"கொழப்பமில்லன்னு சொல்றேன்ல."

சேவியர் மாமாவுக்கு முதுகில் பரு வந்ததாக யாரும் சொன்னதில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

சனிக்கிழமை கம்பத்தில் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். மறுத்தான். முடிக்கு ஏதாவது மருந்து கொடுப்பார் என்றதும் சம்மதித்தான்.

ஆகஸ்ட் 9, சனி

கீழே இறங்க இறங்க வெயில். கடைசி வளைவு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. கம்பத்தில் தூசி, திராட்சை, லாரி. ஒரு மணி நேரத்துக்குள் வேறு பருவம்.

தோல் டாக்டர். பெண். என் அம்மா வயது. ராபின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், தொப்பியைத்தான் காட்ட வந்தவன் போல.

"வீட்ல யாருக்கு வழுக்கை?"

"தாய்மாமாவுக்கு."

"அம்மா வழியும் வரும், அப்பா வழியும் வரும். அது சரி. என்ன சாப்பிடறீங்க?"

ஃபோனில் எடுத்து வைத்திருந்த லேபிளை நான் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க டீச்சரா மா?"

"ஆமா டாக்டர்."

"லேபிள நல்லா வாசிச்சீங்க. அதுல எழுதியிருக்கறது மட்டும்தான் உள்ள இருக்குன்னா, முடி கொட்டினதுக்கு அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

முதுகைப் பார்த்தார். நெஞ்சை அழுத்திப் பார்த்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவு வழியாகக் கேட்டது.

"ஊசி போடறீங்களா தம்பி?"

"இல்ல டாக்டர்."

"மாத்திரை?"

"இல்ல."

"கோவம் வருதா?"

நாற்காலி நகரும் சத்தம்.

ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஃபோன் செய்யச் சொன்னார். முடிக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. பஸ்ஸில் ராபின் ஜன்னலோரம் உட்கார்ந்தான். "சும்மா ஊசியால குத்தி அனுப்பிட்டாக" என்றான், கம்பம்மெட்டு மலை ஏறும்போது. பிறகு தூங்கிவிட்டான். என் தோளில் சாய்ந்து. தோள் கனத்தது. எப்போது இவ்வளவு கனமானான்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது ஓலை. சி. இன்று எங்கள் கோயிலுக்கே வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, மழையில் நனைந்த தலை. அதைக் கோதிவிட்டுக்கொண்டே நின்றான். அந்தத் தலையைப் பார்க்கப் பிடிக்கிறது எனக்கு. பிடிக்கத்தான் செய்கிறது.

பூசை முடிந்து வாசலில், குடைகளுக்கு அடியில்:

"மாப்ளைக்கு முடியப் பாரு, குதிரைவாலாட்டம்."

"மச்சினனுக்குத்தேன் மொட்டப்பாறை."

"ஏட்டி, கேக்கப் போகுது."

"கேக்கட்டுமே, கண்ணாடி இல்லியா அவென் வீட்ல?"

ராபினுக்குக் கேட்டது. ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

சி. என் குடைக்குள் வந்தான். "டீச்சர், இன்னும் ஒரே ஒரு ஓலைதேன். அப்புறம் ஓட முடியாது." சிரித்தேன். ராபினை டாக்டரிடம் கூட்டிப் போனதைச் சொன்னேன். ரத்தம் எடுத்ததையும்.

கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

"ரத்தமெல்லாம் எதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"முதுகெல்லாம் பரு."

"மழைக்காலம். வேர்வை காயாது. அத்தை சொல்ற மாதிரி தோட்டத்து மருந்தும் சேந்திருக்கும்." பக்கத்தில் வந்த அப்பாவைப் பார்த்து, "மாமா, நீங்களும் இந்த மருந்தடிக்கிற வேலைய ஆள வச்சுப் பாருங்க. பாவம், பையன் தலையெழுத்தே மாறிப்போச்சு."

அப்பா தலையாட்டினார். அன்போடு சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டார். நானும்.

கல்யாணச் சேலைக்கு முந்தானை வேலை முடியவில்லையாம். நாளை கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மத்தியானம், பள்ளி மாடிப்படிக்குக் கீழே நின்று டாக்டருக்கு ஃபோன்.

"ஆம்பளப் பிள்ளைக்கு உடம்பு தானா சுரக்க வேண்டியது ரொம்பக் குறைஞ்சு கிடக்கு மா. வெளியில இருந்து அந்த மாதிரி ஹார்மோன் உள்ள போனா உடம்பு தன் வேலைய நிறுத்திடும். பரு, நெஞ்சு வலி, கோவம், எல்லாம் அதுக்குப் பொருந்துது."

"முடி?"

"வழுக்கை விழற வாகு அவருக்கு இருந்திருக்கும். நாப்பதுல வரவேண்டியத இருபத்து மூணுக்கு இழுத்துட்டு வந்திருக்கு. போனதெல்லாம் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். முடி கிடக்கட்டும். அதை விடப் பெருசு உள்ள இருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க."

அப்போதும் நான் நினைத்தது: சி.யை யாரோ ஏமாற்றிவிட்டார்கள். போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். அவனுக்குத் தெரிய வேண்டும், உடனே. பள்ளி விட்டதும் ஷேர் ஜீப். கம்பம்மெட்டு வரை வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன், அவன் மனம் நோகாத மாதிரி. இது உங்கள் தப்பு இல்லை. உங்களுக்குக் கொடுத்தவனை முதலில் பிடிக்க வேண்டும்.

கடையில் அவன் அப்பா இல்லை. பின்கட்டு அறையில் பேச்சுச் சத்தம். காயைச் சலித்து, தரம் பிரித்து, கலக்கிற அறை. கதவு ஒருக்களித்திருந்தது.

தரையில் தார்ப்பாய். ஒரு முனையில் சி., எதிர்முனையில் கடை ஆள் முருகேசன். தார்ப்பாயைத் தூக்கி இந்தப் பக்கம் உருட்டுகிறார்கள், அந்தப் பக்கம் உருட்டுகிறார்கள். சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கிய காயை எல்லாம் ஒன்றாக்குவது இப்படித்தான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்று பச்சைக்குப் பதில் வெள்ளை. மாவு. சுவரோரம் வாய் பிரித்த சாக்குகள், மூடி இல்லாத புது டப்பாக்கள். ஜன்னல் திட்டில் மிக்ஸி. ஜாருக்குள் இளஞ்சிவப்புத் தூள். பக்கத்தில் பிரித்துப் போட்ட மாத்திரை அட்டைகள்.

ஏலக்காய் வாசனை. அந்த அறையில் எதை வைத்தாலும் அந்த வாசனைதான்.

சி. என்னைப் பார்த்தான். ஒளிக்கவில்லை.

"வா டீச்சர். செருப்பக் கழட்டிட்டு வா, மண்ணு விழுந்துரும்."

கழற்றினேன். ஏன் கழற்றினேன்?

"இது என்ன?"

"சரக்கு."

"டப்பாவில இருக்கிறதா?"

"டப்பாவுக்குப் போறது." முருகேசனிடம், "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்கண்ணே." அவர் போனதும், "நாலு எடத்துல வாங்குறது. ஒண்ணு இனிக்கும், ஒண்ணு கரையாது. ஒண்ணாக்குனாத்தேன் ஒரே மாதிரி வரும். பத்துப் பேரு காய ஒரு லாட்டா ஆக்குறதில்லையா? உங்கப்பா காயும் அப்படித்தான போகுது."

"மிக்ஸியில?"

"அது கொஞ்சம் ஏத்திக் குடுக்குறது. எல்லாரும் செய்யிறதுதேன். ஒடம்பு ஏறலைன்னா மறுமாசம் எவன் படியேறுவான்?"

"நான் வாசிச்சேனே. வீடியோல."

"டப்பாவத்தான வாசிச்ச? நீ ஒண்ணும் பொய் சொல்லலையே."

"இத நீங்க குடிப்பீங்களா?"

சிரித்தான். உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "எனக்கு எதுக்கு? நான் அப்படியே நல்லாத்தான இருக்கேன்."

"அப்பாகிட்ட மருந்தடிப்புன்னு சொன்னீங்க."

"அவரே அப்படித்தான் நெனச்சிட்டிருந்தாரு. நான் எதுக்கு மாத்தணும்?"

ராபின் பெயரைச் சொல்ல முடியவில்லை எனக்கு. அவனே சொன்னான். "மச்சினனப் பத்திக் கவலப்படாத. அவனுக்கு ஏப்ரல்லயே தெரியும். கூட ஏத்திக் குடுங்கன்னு அவன்தேன் கேட்டான். போயிக் கேளு."

செருப்பைத் தேடினேன். காலுக்கு அடியில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

தூறல். லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல்.

ராபினைக் கேட்டேன். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தெரியும்."

"டாக்டர்கிட்ட இல்லன்ன."

"ஒன் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"நான் வெளிய இருந்தேன்டா."

"அக்காகிட்டச் சொன்னா கல்யாணம் கெட்டுரும்னாரு மச்சான். நான் ஒனக்காகத்தேன்..." பிறகு குரல் மாறியது. "ஒனக்கு என்னா தெரியும்? பத்தாப்புல என்னைய என்னான்னு கூப்பிட்டாய்ங்க? எலும்பு. இப்ப ஜீப்ல வர்ற பொம்பளப் பிள்ளைக தோளப் பாக்குதுக. மொதத் தடவையாக்கா. மொதத் தடவையா ஒருத்தர் திரும்பிப் பாக்குறாக. முடி போகும்னு அவரும் சொல்லல. நின்னுரும் நின்னுரும்னாரு."

அழுதான். பூனைக்குட்டி செத்த அன்று மாதிரி. கோபம் வரவில்லை எனக்கு. வர வேண்டியது. வரவில்லை.

இருவரும் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இருவரும் கலந்து பேசி, எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று பிரித்திருக்கிறார்கள். நான் தினமும் அம்மாவிடம் பவுடரால் இல்லை, பவுடரால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ராபின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். தோட்டத்திலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து அட்டைப்பூச்சி எடுத்துக்கொண்டிருந்தார், காலில் உப்பைத் தேய்த்து.

"அப்ப என் மருந்தால இல்லியா?"

"இல்லப்பா."

"நெசமா?"

"டாக்டரே சொன்னாங்க."

உப்பைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பையனக் கெடுத்துப்புட்டேன்னு நெனச்சேன். ராத்திரிக்கு ராத்திரி சோப்புப் போட்டுக் கையக் கழுவுனேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. யார், எப்படி, எதற்கு, எதுவும்.

அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சிரிலும் அவன் அம்மாவும் வந்தார்கள். பழம், ஹார்லிக்ஸ், எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு. அம்மா அவசரமாகக் கட்டில் விரிப்பை மாற்றினாள்.

அவன் அம்மா நல்லவர். அவரை வெறுக்க முடிந்தால் எளிதாக இருக்கும்.

"ஏம்மா, ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. முடி கொட்டுனதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எங்க வீட்டுக்காரருக்கு முப்பதுலயே போச்சு. நான் குடும்பம் நடத்தலையா?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடிய விஷயம்தான். முடிக்காகக் கல்யாணத்தை நிறுத்தினவள் என்று ஒருத்தி இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"அவுக கேக்குறது நியாயந்தான மெர்லினு" என்றாள் அம்மா.

"முடி இல்லம்மா."

"பின்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராபின் வெளியே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

சிரில் தணிந்த குரலில் பேசினான். எனக்குத் தெரிந்த குரல். மதுரையில் நான் எம்.ஏ. படித்தபோது சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பான். சட்டைப்பையில் எனக்காக நாலு ஏலக்காய். அந்தக் குரல். "இனிமே கலக்கல. சத்தியம். வீடியோவையும் எடுத்துர்றேன். ராபினுக்கு ஆகுற வைத்தியம் என் பொறுப்பு. போதுமா?"

போதும் என்று சொல்ல வாய் வந்தது. வந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

"இதுவரைக்கும் குடிச்சவங்க கிட்ட சொல்லுவீங்களா?"

"என்னாத்த?"

"உள்ள என்ன இருந்துச்சுன்னு. அவங்களும் டாக்டரப் பாக்கணும்ல."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஹார்லிக்ஸ் பாட்டிலை.

"அது எப்படி முடியும்? கடையே போயிரும் மெர்லினு. அப்பா பேரு போயிரும். தெரியாம நிறுத்திட்டா தானா சரியாயிரும், யாருக்கும் தெரிய வேணாம்."

"தானா சரியாகாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கென்னா, சொல்லிட்டுப் போவாக."

அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் முடிந்தது. கலந்ததில் இல்லை, மறைத்ததில்கூட இல்லை. மெதுவாக, எல்லோருக்கும் நல்லது செய்கிற முகத்தோடு, யாருக்கும் தெரிய வேணாம் என்று சொன்ன இடத்தில். ஜிம்மில் குடித்தவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டவர்கள்.

போகும்போது அவன் அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டார். "காய்ச்சல் இல்லியே" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். கொடியேற்றம் பள்ளியில், பூசை கோயிலில். மழை விட்டிருந்தது. மேகம் காலுக்குக் கீழே.

அம்மா வழி முழுக்கப் பேசினாள். கார்டு அடித்தாயிற்று. சேலை வந்துகொண்டிருக்கிறது. திருந்துகிறேன் என்கிறவனை விட்டால் திருந்தாதவன்தான் கிடைப்பான். இந்த வயசில் இனி எங்கே போய்த் தேடுவது. எல்லாம் சரி.  அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். கோயில் படிக்கட்டில் நின்று, "விடு, அவளுக்குத் தெரியும்" என்றார், அம்மாவிடம், திரும்பாமல்.

பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்தேன். பூக்களை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்."

"ஏன்மா? தடை ஏதும் இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். "இத்தன வருஷத்துல பொண்ணே வந்து சொல்றது இதான் மொதத் தடவ." உட்காரச் சொன்னார். சொன்னேன். தார்ப்பாய், மிக்ஸி, டாக்டர், வீடியோ.  கடைசியில், "தள்ளி வைக்கலாமா? ஒரு மாசம் ஜெபம் பண்ணிப் பாக்கலாம்ல?"

"வேண்டாம் சாமி. நிறுத்திருங்க."

"அழணும்னா அழும்மா."

அழுகை வரவில்லை. கோபம் எளிது, அது வந்து போகிறது. அந்தச் சட்டைப்பை வாசனைதான் போக மாட்டேன் என்கிறது. ஆறு வருடம். அதில் எது தனியாக இருந்தது, எது சேர்த்தது என்று இனி பிரித்தெடுக்க முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் ராபினோடு கம்பம். டாக்டர் திட்டினார். ராபின் எல்லாவற்றையும் அவனே சொன்னான், என் முன்னாலேயே. வைத்தியம் பல மாதம் ஆகும். எந்த உறுதியும் தரவில்லை அவர்.

திரும்பும் வழியில் கம்பம்மெட்டில் நான் மட்டும் இறங்கினேன். ராபினும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். குழுவிலிருந்து வீடியோ போயிருந்தது. என்னையும் நீக்கியிருந்தார்கள்.

கடைக்குப் பக்கவாட்டில் ஜிம்முக்குப் போகிற மாடிப்படி. கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். சாயங்கால ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகம். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் இரண்டு பேரிடம் வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொன்னேன். பிறகு வகுப்பெடுப்பது போல வந்தது.

"நீங்கதான டீச்சர் நல்லதுன்னு வீடியோல சொன்னீக?"

"ஆமா. டப்பாவில எழுதியிருந்தத வாசிச்சேன். உள்ள இருந்தது வேற. கலக்குறத நேர்ல பாத்தேன்."

"அப்ப பவுடரால முடி கொட்டுமா, கொட்டாதா? ஒண்ணச் சொல்லுங்க."

"வெறும் பவுடரால கொட்டும்னு யாரும் நிரூபிக்கல. நீங்க குடிச்சது வெறும் பவுடர் இல்ல. ரத்தம் குடுத்துப் பாருங்க."

"மச்சான் கூடச் சண்டையாக்கும்" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே தாண்டி ஏறினான். இன்னொருவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான், திரும்பிப் போனான். இரண்டு பேர் படியில் நின்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான், சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

சிரில் மேல்படியில் வந்து நின்றான்.

"எந்திரி மெர்லினு. பேசித் தீத்துக்குவோம். உள்ள வா."

"இங்கேயே சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க."

 அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்துவிட்டு, நெஞ்சைத் தொட்டவன் என் பக்கத்தில் குனிந்தான். டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டான், மெல்ல. காகிதம் நனைந்திருந்தது. அவன் உள்ளங்கையில் எழுதினேன். கூட நின்றவனும் கையை நீட்டினான். அவனுக்கும் எழுதினேன்.

இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜீப் பிடித்து வீட்டுக்கு வந்தேன், கை கால் கழுவினேன், சாப்பிட்டேன்.